முப்பரிமாண வெளியில் இணைகோடுகள்: துணையலகுச் சமன்பாட்டிலிருந்து கண்டுபிடிப்பது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பன்னிரண்டாம் வகுப்பில் 'வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள்' பாடம் தொடங்கி இரண்டு வாரம் ஆனதும் என்னிடம் கேள்விகள் வரிசையாக வரத் தொடங்கும். பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றியே இருக்கும். இரண்டு கோடுகளின் சமன்பாடுகளைக் கொடுத்திருக்கிறார்கள், அவை இணையா இல்லையா? கணக்கு இரண்டு வரிதான். அந்த இரண்டு வரிக்குள் வழுக்கி விழ ஏழெட்டு இடங்கள் இருக்கின்றன. மாணவர்கள் கேட்டவற்றோடு, கேட்காமல் விட்டுத் தேர்வில் மதிப்பெண் இழந்தவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

குறியீடு பற்றி ஒரு வார்த்தை. கோட்டின் மேலுள்ள பொதுப் புள்ளியை எக்ஸ், ஒய், இசட் என்ற வரிசையில் அடைப்புக்குறிக்குள் தருகிறேன். துணையலகு என்பது நாம் விருப்பப்படி மதிப்புக் கொடுக்கும் மாறி, ஒவ்வொரு மதிப்புக்கும் கோட்டில் ஒரு புள்ளி கிடைக்கும். முதல் கோட்டின் துணையலகு 'த', இரண்டாம் கோட்டின் துணையலகு 'ச'. உங்கள் புத்தகத்தில் வேறு எழுத்து இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் படிப்பவர்கள் வெக்டரைக் காவி என்றும் துணையலகைப் பரமானம் என்றும் வாசித்துக்கொள்ளலாம்.

துணையலகுச் சமன்பாட்டைப் பார்த்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

துணையலகின் கெழுக்களை. இந்தக் கோட்டை எடுத்துக்கொள்வோம்:

அ: (1 + 2த, 3 − த, 4 + 3த)

இதில் இரண்டு செய்திகள் கலந்து கிடக்கின்றன. த இல்லாமல் தனியாக நிற்கும் எண்கள் 1, 3, 4. கோடு (1, 3, 4) என்ற புள்ளி வழியாகப் போகிறது என்று அவை சொல்கின்றன. த-வோடு ஒட்டிய எண்கள் 2, −1, 3. துணையலகு ஒன்று கூடினால் புள்ளி எந்தப் பக்கம் எவ்வளவு நகரும் என்பதை அவை சொல்கின்றன. (2, −1, 3) என்பதுதான் கோட்டின் திசை வெக்டர்.

இணையா என்ற கேள்விக்குத் திசை வெக்டர் மட்டுமே போதும். புள்ளி எங்கே இருந்தால் என்ன, கோடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் விஷயம். புள்ளிக்கு வேலை அடுத்த கட்டத்தில் வரும். இந்த இரண்டையும் மனத்தில் பிரித்து வைத்துக்கொண்டவர்களுக்குப் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி.

இணையா என்று எப்படி முடிவு செய்வது?

ஒரு திசை வெக்டரை ஏதாவது ஓர் எண்ணால் பெருக்கினால் மற்றது கிடைக்க வேண்டும். மூன்று கூறுகளுக்கும் அதே எண். அவ்வளவுதான் நிபந்தனை.

ஆ: (5 − 4ச, 2ச, 7 − 6ச)

இதன் திசை (−4, 2, −6). அ கோட்டின் திசை (2, −1, 3). 2-ஐ −2 ஆல் பெருக்கினால் −4. −1-ஐ −2 ஆல் பெருக்கினால் 2. 3-ஐ −2 ஆல் பெருக்கினால் −6. மூன்றுக்கும் −2 ஒத்து வருகிறது, ஆகவே திசைகள் இணை.

முதல் இரண்டு கூறுகள் ஒத்துப் போனதும் பேனாவை மூடிவிடுகிறவர்கள் நிறையப் பேர். மூன்றாவது கூறு −6-க்குப் பதில் 6 என்று இருந்தால் மொத்த விடையும் மாறிப்போகும். இருபரிமாணத்தில் சாய்வு என்ற ஒற்றை எண் போதுமானதாக இருந்தது. வெளியில் அப்படி ஒற்றை எண் கிடையாது, மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பெருக்கும் எண் குறை எண்ணாக வந்தால் கோடுகள் எதிரெதிர்த் திசை ஆகிவிடாதா? அப்போதும் இணை என்று சொல்லலாமா?

சொல்லலாம். கோட்டுக்கு முன், பின் என்று கிடையாது, இரண்டு பக்கமும் முடிவில்லாமல் போகிறது. திசை வெக்டர் என்பது அந்தக் கோட்டில் நாம் எந்தப் பக்கம் நடக்கிறோம் என்பதற்கு நாம் தேர்ந்தெடுத்த அம்புக்குறி மட்டுமே.

சென்னை விமான நிலையத்தின் முதன்மை ஓடுபாதையை நினைத்துப் பாருங்கள். ஒரு முனையில் 07 என்றும் மறுமுனையில் 25 என்றும் எழுதியிருக்கும். காந்த வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் அளந்த கோணத்தைப் பத்தால் வகுத்து முழுமையாக்கிய எண்கள் அவை. ஏறத்தாழ 70 பாகை, 250 பாகை. இரண்டுக்கும் வித்தியாசம் 180 பாகை. விமானம் எந்த முனையிலிருந்து ஓடத் தொடங்கினாலும் தார் போட்ட பாதை ஒன்றுதான். உலகில் எந்த ஓடுபாதையை எடுத்தாலும் இரு முனை எண்களுக்கும் வித்தியாசம் 18 ஆகவே இருக்கும். நம் கணக்கில் வரும் −1, −2 எல்லாம் இதே கதைதான்.

கூறுகளில் ஒன்று பூச்சியமாக இருந்தால் விகிதம் எடுக்க முடியவில்லையே?

நான் அதிக நேரம் செலவிடும் கேள்வி இதுதான், ஏனென்றால் இங்கே தப்பான பழக்கம் படிந்துவிட்டால் பிறகு மாற்றுவது கடினம்.

முதல் கோடு (2, 1 + 3த, 5 − த). எக்ஸில் த-வே இல்லை. அப்படியென்றால் அதன் கெழு பூச்சியம், திசை (0, 3, −1). '2' என்பதைத் திசையின் முதல் கூறாக எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அது புள்ளியைச் சேர்ந்த எண், திசைக்கு அதில் பங்கில்லை.

இரண்டாம் கோடு (7, 4 − 6ச, 2ச). திசை (0, −6, 2).

விகிதம் எடுக்கப் போனால் 0/0 என்று வரும், அதற்குப் பொருள் கிடையாது. வகுக்காமல் பெருக்கிப் பாருங்கள். (0, 3, −1)-ஐ −2 ஆல் பெருக்கினால் (0, −6, 2). இணை. இரண்டாம் திசை (1, −6, 2) என்று இருந்திருந்தால்? பூச்சியத்தை எதால் பெருக்கினாலும் 1 வராது. இணை இல்லை. பெருக்கும் முறையில் பூச்சியம் எந்தத் தொல்லையும் தராது.

குறுக்காகப் பெருக்கிப் பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. (1, 0, 2), (3, 0, 5) என்று இரண்டு திசைகள். முதல் இரண்டு கூறுகளைக் குறுக்காகப் பெருக்கினால் 1 × 0 = 0 × 3, சரி. அடுத்த இரண்டு கூறுகளில் 0 × 5 = 2 × 0, அதுவும் சரி. 'இணை' என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். முதல் கூறையும் மூன்றாம் கூறையும் எடுத்துப் பாருங்கள்: 1 × 5 = 5, 2 × 3 = 6. ஒத்து வரவில்லை, ஆகவே இணை இல்லை. நடுவில் உள்ள பூச்சியம் இரண்டு சோதனைகளையும் செல்லாக்காசாக்கிவிட்டது. குறுக்குப் பெருக்கல் செய்தால் மூன்று ஜோடிகளையும் பார்க்க வேண்டும்.

அப்படியானால் வெக்டர் பெருக்கமே நல்லதா?

மூன்று ஜோடிகளையும் ஒரே மூச்சில் பார்ப்பதுதான் வெக்டர் பெருக்கம். ஒவ்வொரு ஜோடியின் இரண்டு குறுக்குப் பெருக்கல்களுக்கும் உள்ள வித்தியாசமே அதன் ஒரு கூறு. இரண்டு திசைகளின் வெக்டர் பெருக்கம் (0, 0, 0) என்று வந்தால் இணை. எந்த விதிவிலக்கும் இல்லாத சோதனை இது. கூறுகள் முழு எண்களாக, மடங்கு கண்ணுக்கே தெரியும்படி இருந்தால் பெருக்கிப் பார்ப்பதே வேகம். பின்னங்களும் மூலங்களும் கலந்து வந்தால் வெக்டர் பெருக்கத்துக்குப் போங்கள். உதாரணமாக (1, √2, −√3) திசையும் (√2, 2, −√6) திசையும் இணைதான், மடங்கு √2. ஆனால் முதல் பார்வையில் பலருக்குத் தெரிவதில்லை.

இரண்டு சமன்பாடுகளிலும் ஒரே எழுத்துத் துணையலகாக இருக்கிறது. அப்படியே போட்டுக் கணக்குச் செய்யலாமா?

இணையா என்று மட்டும் பார்க்கிறீர்கள் என்றால் ஒன்றும் ஆகாது, கெழுக்களைத்தானே எடுக்கிறோம். சந்திக்கின்றனவா என்று பார்க்கப் போனால் கட்டாயம் ஓர் எழுத்தை மாற்ற வேண்டும்.

இந்த இரண்டு கோடுகளைப் பாருங்கள்:

(1 + த, 2 + த, 3 + 2த)
(8 − த, 4, 2 + த)

ஒரே த என்று நினைத்தால் ஒய் கூறு த = 2 என்கிறது, எக்ஸ் கூறு த = 3.5 என்கிறது. 'முரண்பாடு, சந்திக்கவில்லை' என்று எழுதுவீர்கள். உண்மையில் சந்திக்கின்றன. இரண்டாவதில் ச என்று மாற்றுங்கள். த = 2 எனில் முதல் கோடு (3, 4, 7). ச = 5 எனில் இரண்டாம் கோடும் (3, 4, 7).

துணையலகை நேரம் என்று நினைத்துக்கொண்டால் காரணம் புரியும். இரண்டு விமானங்களின் பாதைகள் ஒரு புள்ளியில் வெட்டுகின்றன. முதல் விமானம் அந்தப் புள்ளியை 2-ஆவது நிமிடத்தில் கடக்கிறது, இரண்டாவது 5-ஆவது நிமிடத்தில். மோதல் இல்லை, ஆனால் பாதைகள் வெட்டத்தான் செய்கின்றன. 'கோடுகள் வெட்டுகின்றனவா' என்பது பாதையைப் பற்றிய கேள்வி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அங்கே இருந்தார்களா என்று அது கேட்கவில்லை.

திசைகள் ஒத்துப் போயின. இணை என்று எழுதி முடித்துவிடலாமா?

இன்னும் ஒரு படி பாக்கி. இரண்டு சமன்பாடுகளும் ஒரே கோட்டுக்கு இட்ட இரண்டு பெயர்களாக இருக்கலாம். இரண்டாம் கோட்டிலிருந்து ஏதேனும் ஒரு புள்ளியை எடுத்து, அது முதல் கோட்டில் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு புள்ளி போதும். திசையும் ஒன்று, ஒரு புள்ளியும் பொது என்றால் முழுக் கோடும் பொதுதான்.

மேலே உள்ள ஆ கோட்டில் ச = 0 எனில் (5, 0, 7). இது அ கோட்டில் உண்டா? 1 + 2த = 5 என்றால் த = 2. அந்த த-வுக்கு ஒய் 3 − 2 = 1. நமக்கு வேண்டியது 0. இல்லை. ஆகவே அ, ஆ இரண்டும் வெவ்வேறான இணைகோடுகள்.

இப்போது ஆ கோட்டில் இரண்டே எண்களை மாற்றுகிறேன்: (5 − 4ச, 1 + 2ச, 10 − 6ச). ச = 0 எனில் (5, 1, 10). அ கோட்டில் த = 2 போட்டால் 5, 1, 10. மூன்றும் ஒத்து வருகின்றன. இது அ கோடேதான், வேறு இடத்தில் தொடங்கி, எதிர்ப்பக்கமாக, இரண்டு மடங்கு வேகத்தில் நடக்கிற அ கோடு. சமன்பாட்டைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது, புள்ளியை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

தன்னோடு தானே ஒன்றும் கோட்டை 'இணை' என்று சொல்லலாமா என்று அடுத்த கேள்வி வரும். அது வரையறையைப் பொறுத்தது. சிலர் சொல்வார்கள், சிலர் சொல்ல மாட்டார்கள். விடைத்தாளில் 'திசைகள் இணை, கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன' என்று எழுதிவிட்டால் எந்த வரையறைக்கும் பொருந்தும்.

இரண்டு கோடுகள் எங்கேயும் சந்திக்கவில்லை. அப்படியென்றால் இணைதானே?

தாளில் வரைந்தால் ஆமாம். வெளியில் இல்லை.

யூக்ளிட் தம் 'எலிமெண்ட்ஸ்' தொகுப்பின் முதல் நூலில், 23-ஆவது வரையறையில் இணைகோடுகளைப் பற்றிச் சொல்லும்போதே 'ஒரே தளத்தில் இருக்கும் நேர்கோடுகள்' என்ற நிபந்தனையை வைத்துவிட்டார். பள்ளியில் நாம் ஆறாம் வகுப்பு முதல் தாளிலேயே வரைந்து பழகுவதால், அந்த நான்கு சொற்கள் இருக்கின்றன என்பதே மறந்துபோகிறது. முப்பரிமாணத்துக்கு வந்ததும் மொத்தப் பாரமும் அந்த நான்கு சொற்களின் மேல்தான் விழுகிறது.

ஒரு தீப்பெட்டியைக் கையில் எடுங்கள். அதற்கு 12 விளிம்புகள். ஏதாவது ஒரு விளிம்பின் மேல் விரலை வையுங்கள். மீதி 11 விளிம்புகளில் 3 அதற்கு இணை. 4 அதன் முனைகளில் வந்து தொடுகின்றன. மிச்சம் 4? அவை தொடவும் இல்லை, நீட்டினாலும் தொடப் போவதில்லை, இணையும் இல்லை. அவைதான் ஒரு தளம் அமையாக் கோடுகள். விரலை எந்த விளிம்புக்கு மாற்றினாலும் அதே 3, 4, 4 தான். மொத்தம் 66 ஜோடிகளில் 18 இணை, 24 வெட்டுபவை, 24 ஒரு தளம் அமையாதவை. ஒரு சாதாரணத் தீப்பெட்டியில்கூட இணை ஜோடிகளைவிட ஒரு தளம் அமையாத ஜோடிகள்தான் அதிகம். இதை வகுப்பில் எண்ணிக் காட்டிய பிறகு யாரும் 'சந்திக்கவில்லை, ஆகவே இணை' என்று எழுதி நான் பார்த்ததில்லை.

எண்களில் பார்க்க, சற்று முன் சந்தித்த இரண்டு கோடுகளில் இரண்டாவதை ஒரே ஓர் அலகு மேலே தூக்குவோம்: (8 − ச, 4, 3 + ச). ஒய் கூறிலிருந்து த = 2, எக்ஸ் கூறிலிருந்து ச = 5. இசட் கூறில் முதல் கோடு 7, இரண்டாம் கோடு 8. சந்திக்கவில்லை. திசைகள் (1, 1, 2), (−1, 0, 1). ஒன்று மற்றொன்றின் மடங்கு இல்லை. ஆகவே ஒரு தளம் அமையாக் கோடுகள். அவற்றுக்கிடையே உள்ள மீச்சிறு தூரம் 1/√11, அதாவது சுமார் 0.3. நூலிழை இடைவெளியில் ஒன்றை ஒன்று கடந்து போகின்றன.

வானத்தில் இது அன்றாட நிகழ்ச்சி. மேல் வானில் குறுக்கும் நெடுக்கும் போகும் விமானப் பாதைகளுக்கிடையே 1,000 அடி உயர வித்தியாசம் வைக்கிறார்கள். தரையிலிருந்து பார்த்தால் புகைக்கோடுகள் வெட்டிக்கொள்வது போலத் தெரியும். மேலே அவை ஒரு தளம் அமையாதவை.

அதனால் எந்த வரிசையில் சோதிப்பது என்பதும் முக்கியம். முதலில் திசை. திசைகள் இணை என்றால் அடுத்து ஒரு புள்ளியைச் சோதித்து, தனித்தனிக் கோடுகளா ஒன்றிய கோடுகளா என்று முடிவு செய்யுங்கள். திசைகள் இணை இல்லை என்றால் மட்டுமே த, ச இரண்டையும் தீர்த்துச் சந்திப்பைத் தேடுங்கள். முதலிலேயே சந்திப்பைத் தேடப் போனால், இணைகோடுகளுக்கும் ஒரு தளம் அமையாக் கோடுகளுக்கும் 'தீர்வு இல்லை' என்ற ஒரே விடை வந்து குழப்பும்.

கார்டீசியன் வடிவில் (துணையலகு இல்லாமல், மூன்று பின்னங்களைச் சமப்படுத்தி) கொடுத்தால் பகுதியில் உள்ள எண்கள்தான் திசை விகிதங்கள், அதாவது திசை வெக்டரின் கூறுகள், இல்லையா?

தொகுதியில் எக்ஸ், ஒய், இசட் மூன்றும் +1 என்ற கெழுவோடு நின்றால்தான். வினாத்தாள் தயாரிப்பவர்களுக்குப் பிடித்த கண்ணி இது:

(3 − எக்ஸ்)/2 = (2ஒய் − 1)/6 = (இசட் + 4)/5

பார்த்ததும் (2, 6, 5) என்று எழுதினால் போச்சு. ஒவ்வொன்றையும் த-வுக்குச் சமப்படுத்திப் பாருங்கள். 3 − எக்ஸ் = 2த என்றால் எக்ஸ் = 3 − 2த. 2ஒய் − 1 = 6த என்றால் ஒய் = 1/2 + 3த. இசட் = −4 + 5த. திசை (−2, 3, 5). சந்தேகம் வந்தால் துணையலகு வடிவத்துக்கு மாற்றிவிடுவதே பாதுகாப்பு, ஒரு வரிதான் கூடுதலாகும்.

நான்கு கோடுகளைக் கொடுத்து, எவை இணை, எவை ஒன்றே என்று கேட்டால்?

ஜோடி ஜோடியாகப் பார்த்தால் ஆறு சோதனைகள். அதற்குப் பதில் எல்லாத் திசைகளையும் ஒரே அச்சில் வார்த்துவிடுங்கள். பொதுக் காரணியால் வகுத்து, முதலில் வரும் பூச்சியமல்லாத கூறை மிகை எண்ணாக்குங்கள். பிறகு கண்ணால் பார்த்தாலே போதும்.

முதலாவது: (1 + 6த, 2 − 3த, 5 + 12த)
இரண்டாவது: (3 + 2த, த, −2 − 4த)
மூன்றாவது: (−1 − 4த, 3 + 2த, 1 − 8த)
நான்காவது: (0, 4, 1), (4, 2, 9) என்ற புள்ளிகள் வழியாகச் செல்வது

முதலாவதின் திசை (6, −3, 12). மூன்றால் வகுத்தால் (2, −1, 4). இரண்டாவது ஏற்கெனவே சுருங்கியது, (2, 1, −4). மூன்றாவது (−4, 2, −8), −2 ஆல் வகுத்தால் (2, −1, 4). நான்காவதுக்கு இரண்டாம் புள்ளியிலிருந்து முதற்புள்ளியைக் கழிக்க வேண்டும்: (4, −2, 8), அதாவது (2, −1, 4).

இரண்டாவது மட்டும் தனி. எண்கள் அதே 2, 1, 4 தான், ஆனால் குறிகள் ஏமாற்றுகின்றன. அதை −1 ஆல் பெருக்கினால் முதல் கூறின் குறியும் மாறிவிடும், ஆகவே ஒருபோதும் (2, −1, 4) ஆகாது.

மிச்ச மூன்றில் ஒன்றியவை எவை? மூன்றாவதில் உள்ள (−1, 3, 1) முதலாவதில் கிடக்கிறதா? 1 + 6த = −1 என்றால் த = −1/3. ஒய் = 2 + 1 = 3. இசட் = 5 − 4 = 1. கிடக்கிறது, ஆகவே முதலாவதும் மூன்றாவதும் ஒரே கோடு. நான்காவதில் உள்ள (0, 4, 1)-க்கு த = −1/6, ஒய் 2.5 வருகிறது, 4 இல்லை. நான்காவது தனியான இணைகோடு.

ஒன்றை மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடாமல் விட்டோமே என்று தயங்க வேண்டாம். ஒரே கோட்டுக்கு இணையான இரண்டு கோடுகள் தமக்குள்ளும் இணை. மூன்றும் வெவ்வேறு தளங்களில் இருந்தாலும் அது உண்மை என்பதை யூக்ளிட் தம் பதினோராம் நூலில் நிறுவியிருக்கிறார். வெக்டர் இல்லாத காலத்தில் அதற்குத் தனி நிரூபணம் தேவைப்பட்டது. நமக்கு 'மடங்கின் மடங்கும் மடங்குதான்' என்ற ஒரு வரியில் முடிகிறது.

கொடுத்த புள்ளி வழியாக, கொடுத்த கோட்டுக்கு இணையாக ஒரு கோடு வேண்டும்.

திசையை அப்படியே எடுத்துக்கொண்டு புள்ளியை மட்டும் மாற்றுங்கள். மேலே உள்ள கார்டீசியன் கோட்டுக்கு இணையாக (4, 0, −2) வழியாகச் செல்லும் கோடு (4 − 2த, 3த, −2 + 5த). சரிபார்க்க ஒரு வழி: த = 2 போட்டால் (0, 6, 8). இரண்டு புள்ளிகளின் வித்தியாசம் (−4, 6, 10), அது (−2, 3, 5)-இன் இரு மடங்கு.

தெரியாத மாறிலியைக் கண்டுபிடிக்கச் சொன்னால்?

திசைகள் (3, ம, 4), (6, 10, ன) என்று கொடுத்து, கோடுகள் இணை எனில் ம, ன என்ன என்று கேட்பார்கள். தெரிந்த ஜோடியிலிருந்து மடங்கைப் பிடியுங்கள். 3, 6 ஆகிறது, மடங்கு 2. ஆகவே ம = 5, ன = 8.

பதற்றத்தில், ஒத்த கூறுகளைப் பெருக்கிக் கூட்டும் திசையிலிப் பெருக்கத்தைப் பூச்சியமாக்கிவிடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. அது செங்குத்துக்கான நிபந்தனை. எழுதத் தொடங்கும் முன் வினாவில் 'இணை' என்ற சொல்லை அடிக்கோடிடச் சொல்வேன். மதிப்பே இல்லாத கணக்கும் வரலாம். (2, ம, 4), (3, 6, 5) என்றால் முதல் கூறு மடங்கு 3/2 என்கிறது, மூன்றாவது 5/4 என்கிறது. எந்த ம-வாலும் காப்பாற்ற முடியாது. 'இணையாக இருக்க வாய்ப்பில்லை' என்பதே முழுமையான விடை.

இணைகோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை ஒரு தளம் அமையாக் கோடுகளின் சூத்திரத்தில் போட்டால் 0/0 வருகிறது. ஏன்?

அந்தச் சூத்திரம் இரண்டு கோடுகளுக்கும் பொதுவான செங்குத்துத் திசையைத் திசைகளின் வெக்டர் பெருக்கத்திலிருந்து எடுக்கிறது. திசைகள் இணை என்றால் அந்தப் பெருக்கமே பூச்சியம். வடிவியலாகச் சொன்னால், இணைகோடுகளுக்குப் பொதுச் செங்குத்து ஒன்று மட்டும் இல்லை, எங்கே வேண்டுமானாலும் வரையலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று சூத்திரத்துக்குத் தெரியவில்லை.

இணைகோடுகளுக்கு வேறு வழி. முதல் கோட்டின் புள்ளியிலிருந்து இரண்டாம் கோட்டின் புள்ளிக்கு ஒரு வெக்டர் எடுங்கள். அ, ஆ கோடுகளுக்கு அது (5 − 1, 0 − 3, 7 − 4) = (4, −3, 3). இதைத் திசை (2, −1, 3)-ஓடு வெக்டர் பெருக்கம் செய்தால் (−6, −6, 2). அதன் நீளம் √76. திசையின் நீளம் √14. தூரம் √76/√14 = √(38/7), சுமார் 2.33.

எனக்குப் பிதாகரஸ் வழியும் பிடிக்கும், ஏனென்றால் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. இணைக்கும் வெக்டரின் நீளத்தின் வர்க்கம் 16 + 9 + 9 = 34. கோட்டின் திசையில் அதன் நிழல்: திசையிலிப் பெருக்கம் 8 + 3 + 9 = 20, ஆகவே நிழலின் வர்க்கம் 400/14. கழித்தால் 34 − 400/14 = 38/7. அதே விடை. தேர்வில் ஒன்றால் செய்து மற்றொன்றால் சரிபார்க்கலாம்.

துணையலகு த என்று இல்லாமல் த², த³ என்று வந்தால் அது கோடே இல்லையா?

எல்லாக் கூறுகளிலும் அதே த³ மட்டும் வந்தால் கோடுதான். (1 + 2த³, 3 − த³, 4 + 3த³) என்பது நம் அ கோடே. த³ எல்லா மெய்யெண் மதிப்புகளையும் எடுக்கும், ஆகவே கோட்டின் ஒரு புள்ளியும் விடுபடாது. த² போட்டால் குறை எண் வராது. அதனால் (1, 3, 4)-இல் தொடங்கி ஒரு பக்கம் மட்டும் போகும் அரைக்கோடு கிடைக்கும். ஒரு கூறில் த, மற்றொன்றில் த² என்று கலந்து வந்தால் அது வளைவரை, இணைகோடு பற்றிய பேச்சே எழாது.

கணினியில் நிரல் எழுதிச் சோதித்தேன். இணை என்று எனக்குத் தெரிந்த கோடுகளை 'இல்லை' என்கிறது.

சமக்குறியைப் போட்டுச் சோதித்திருப்பீர்கள். பைத்தானில் 0.1 + 0.2 என்று கொடுத்துப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். இருமத்தில் 0.1-ஐத் துல்லியமாக எழுத முடியாது என்பதால் கடைசி இலக்கங்களில் இந்தப் பிசிறு வருகிறது. வெக்டர் பெருக்கம் பூச்சியத்துக்குச் சமமா என்று கேட்காமல், அதன் நீளத்தை இரண்டு திசைகளின் நீளங்களாலும் வகுத்து, வரும் எண் மிகச் சிறியதா என்று கேளுங்கள். அது இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட கோணத்தின் சைன் மதிப்பு. 10⁻⁹-ஐவிடச் சிறியது என்றால் இணை என்று வைத்துக்கொள்வது பல வேலைகளுக்குப் போதும். நீளங்களால் வகுக்க மறந்தால், திசை வெக்டர்கள் மிகச் சிறியதாக உள்ள எந்தக் கோடும் 'இணை' ஆகிவிடும்.

கோசைனைக் கண்டுபிடித்து அது 1 தானா என்று பார்ப்பது எளிதாகத் தோன்றும், ஆனால் செய்ய வேண்டாம். கோணம் 10⁻⁸ ரேடியன் இருந்தாலும் கோசைன் 1-லிருந்து 5 × 10⁻¹⁷ தான் குறையும். வழக்கமான 64 பிட் எண்ணில் அது 1 என்றே பதிவாகிவிடும். சைன் அதே இடத்தில் 10⁻⁸ என்று தெளிவாகக் காட்டும்.

கோடு ஒரு தளத்துக்கு இணையா என்று கேட்டால் இதே முறைதானா?

இங்கே நிபந்தனை தலைகீழ். தளத்தின் சமன்பாட்டிலிருந்து நமக்குக் கிடைப்பது தளத்துக்குச் செங்குத்தான வெக்டர். கோட்டின் திசை அந்தச் செங்குத்து வெக்டருக்கு மடங்காக இருந்தால் கோடு தளத்தைக் குத்திக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறது என்று பொருள். தளத்துக்கு இணையாக இருக்க வேண்டுமானால் கோட்டின் திசையும் அந்த வெக்டரும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, திசையிலிப் பெருக்கம் பூச்சியமாக இருக்க வேண்டும்.

தளம் எக்ஸ் + 5ஒய் + இசட் = 9 என்க. செங்குத்து வெக்டர் (1, 5, 1). அ கோட்டின் திசை (2, −1, 3). பெருக்கம் 2 − 5 + 3 = 0. இங்கும் புள்ளிச் சோதனை உண்டு: (1, 3, 4)-ஐப் போட்டால் 1 + 15 + 4 = 20. அது 9 இல்லை, ஆகவே கோடு தளத்தைத் தொடாமல் இணையாகப் போகிறது. வலப்பக்கம் 20 என்று இருந்திருந்தால் முழுக் கோடும் தளத்துக்குள்ளேயே கிடக்கும்.